கவுண்ட் ஏறிய பிறகு: மஜ்ஜை மாற்றுக்குப் பின் வரும் வைரஸ்களும் டி செல் சிகிச்சையும்

கடலூர், பண்ருட்டி, நெய்வேலி பக்கத்திலிருந்து எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு ஊரிலிருந்து வரும் போன்களில் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: “கவுண்ட் ஏறிடுச்சா?” ஸ்டெம் செல் ஏற்றிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் வெள்ளை அணுக்கள் தலைகாட்டத் தொடங்கும். அவற்றில் நியூட்ரோபில் என்ற வகையின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-ஐத் தொட்டு, மூன்று நாள் இறங்காமல் நின்றால், புது மஜ்ஜை பிடித்துவிட்டது என்று டாக்டர்கள் சொல்வார்கள். அன்றைக்குத்தான் வீட்டில் எல்லாரும் ஒழுங்காகச் சாப்பிடுவார்கள்.

அந்த நிம்மதி நியாயமானது. ஆனால் அதற்குப் பிறகும் வாரா வாரம் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்? நூறு நாள் வரைக்கும் ஏன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கச் சொல்கிறார்கள்? நெரிசலான வார்டில் இதையெல்லாம் உட்கார்ந்து விளக்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. விவரம் தெரிந்த குடும்பம் சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்கும், சில நேரம் அது உயிரையே காக்கும் என்பது என் நம்பிக்கை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏறிய கவுண்ட் நியூட்ரோபில்களுடையது. அவை பாக்டீரியாவையும் பூஞ்சையையும் எதிர்ப்பவை. வைரஸ் செல்லுக்குள் புகுந்து ஒளிந்திருக்கும். அது எந்தச் செல்லில் இருக்கிறது என்று கண்டுபிடித்து அழிப்பது, வெள்ளை அணுக்களில் இன்னொரு வகையான டி செல்களின் வேலை. மாற்றுச் சிகிச்சைக்கு முன் கொடுக்கும் கடுமையான கீமோவும், சிலருக்குக் கொடுக்கும் கதிர்வீச்சும் பழைய டி செல்களையும் சேர்த்தே துடைத்துவிடுகின்றன. புதிதாக வர வேண்டிய டி செல்கள், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பழகித்தான் வெளியே வரும். வயது ஏற ஏற அந்தச் சுரப்பி சுருங்கிக்கொண்டே போகும். குழந்தைகளுக்குச் சில மாதங்களில் திரும்பும் டி செல் பலம், நாற்பதைத் தாண்டியவருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கலாம். டோனரின் செல்கள் நோயாளியின் உடலைத் தாக்காமலிருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் இந்தத் தாமதத்தை இன்னும் கூட்டுகின்றன.

ஆக, கவுண்ட் ஏறிய நாளிலிருந்து டி செல்கள் திரும்பும் நாள் வரை ஒரு நீண்ட இடைவெளி இருக்கிறது. வைரஸ்கள் எழுவது அந்த இடைவெளியில்தான். அவை பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதும் இல்லை. சி.எம்.வி. என்று சுருக்கிச் சொல்லும் சைட்டோமெகலோ வைரஸ் நம் ஊரில் பெரியவர்கள் மிகப் பெரும்பாலோரின் உடலில் சின்ன வயதிலேயே நுழைந்து சத்தமில்லாமல் தங்கியிருப்பது. எப்ஸ்டீன்-பார் வைரஸும், சிறுநீரகத்தில் தங்கும் பி.கே. வைரஸும் அப்படியே. நம்முடைய டி செல்கள் அவற்றை ஆயுள் முழுக்க அடக்கியே வைத்திருக்கின்றன, நமக்குத் தெரிவதில்லை. காவல் இல்லாமல் போனதும் சி.எம்.வி. நுரையீரல், குடல், விழித்திரை எனப் பரவுகிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸ், பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களைக் கட்டுப்பாடில்லாமல் பெருக வைக்கிறது, அவை லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் போன்ற கட்டியாக மாறுகின்றன. பி.கே. வைரஸால் சிறுநீரில் ரத்தம் கட்டிகட்டியாகப் போகும். அந்த வலியை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். குழந்தைகளுக்கு அடினோ வைரஸ் தனி ஆபத்து.

வாரா வாரம் எடுக்கும் ரத்தம் பெரும்பாலும், அதில் சி.எம்.வி. எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் பி.சி.ஆர். பரிசோதனைக்குத்தான். வைரஸின் அளவு ஏறுகிறதென்றால், அறிகுறி வருமுன்னே மருந்து தொடங்கிவிடுவார்கள். இந்த முறை வருவதற்கு முன், மாற்றுக்குப் பின் சி.எம்.வி. நிமோனியா வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. எனவே மருந்துகளின் பங்கைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவற்றின் விலை பணத்தோடு முடிவதில்லை. கான்சிக்ளோவிர் புதிதாகப் பிடித்த மஜ்ஜையையே அமுக்கும், அரும்பாடுபட்டு ஏறிய கவுண்ட் மறுபடி இறங்கும். ஃபாஸ்கார்னெட்டும் சிடோஃபோவிரும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மஜ்ஜையைத் தொந்தரவு செய்யாத லெடெர்மோவிர் 2017-இலும், பிடிவாதமான சி.எம்.வி.க்கான மாரிபாவிர் 2021-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இரண்டும் நல்ல முன்னேற்றம். ஆனால் அடினோ, பி.கே. வைரஸ்களுக்கு இவை உதவாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மருந்து வைரஸைப் பெருகவிடாமல் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். டி செல்கள் வராத உடலில் மருந்தை நிறுத்தினால் அது திரும்ப எழும்.

அப்படியானால் குறையாக இருக்கும் டி செல்லையே கொடுத்துவிட்டால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்துதான் மொத்தத் துறையும் வளர்ந்தது. 1994-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனைக் குழு, எப்ஸ்டீன்-பார் வைரஸால் லிம்ஃபோமா வந்த 5 மாற்று நோயாளிகளுக்கு டோனரின் வெள்ளை அணுக்களை அப்படியே ஏற்றியது. ஐந்து பேரிடமும் பலன் தெரிந்தது. ஆனால் டோனரின் ரத்தத்தில் வைரஸை அடையாளம் தெரிந்த டி செல்களோடு, நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமாகப் பார்த்துத் தாக்கும் டி செல்களும் சேர்ந்தே இருக்கும். அந்தத் தாக்குதலைத்தான் டாக்டர்கள் ஜி.வி.ஹெச்.டி. என்கிறார்கள். அதுவே ஆளைக் கொல்லக்கூடியது.

சியாட்டிலில் ரிடெல், கிரீன்பர்க் ஆகியோரின் குழு வேறு வழியைப் பிடித்திருந்தது. டோனரின் ரத்தத்திலிருந்து சி.எம்.வி.யை மட்டும் அறியும் டி செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, அவற்றை மட்டும் கொடுத்தார்கள். முதல் முடிவுகள் 1992-இல் வந்தன. 1995-இல் 14 பேரின் அனுபவத்தை வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் சி.எம்.வி. ரத்தத்தில் பரவவில்லை, நோயும் வரவில்லை. அதில் ஒரு நுட்பமான பாடமும் கிடைத்தது. கொல்லும் வேலையைச் செய்யும் சி.டி.8 வகை டி செல்களைத்தான் அவர்கள் ஏற்றினார்கள். துணைநிற்கும் சி.டி.4 வகை செல்கள் தானாகத் திரும்பாத நோயாளிகளிடம் அவை மெல்ல மெல்லக் குறைந்துபோயின. பின்னால் வந்தவர்கள் இரண்டு வகையையும் சேர்த்தே வளர்க்கத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம்.

அதே ஆண்டுகளில் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் ரூனி, ஹெஸ்லாப், பிரென்னர் குழு எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு இதைச் செய்தது. அவர்களுடைய நீண்டகாலக் கணக்கு 2010-இல் வந்தது. தடுப்பாகச் செல் பெற்ற 101 பேரில் ஒருவருக்கும் அந்த வைரஸ் கட்டி வரவில்லை. கட்டி வந்த பிறகு செல் பெற்ற 13 பேரில் 11 பேருக்கு அது முழுமையாக மறைந்தது. அடையாளக் குறி இட்டு அனுப்பிய சில செல்கள் ஒன்பது வருடம் கழித்தும் ரத்தத்தில் இருந்தன. ஒருமுறை கொடுத்த செல் உடலிலேயே தங்கி, வைரஸ் தலைதூக்கும்போதெல்லாம் பெருகி வேலை செய்கிறது. எந்த மாத்திரையும் இப்படிச் செய்யாது.

செல்களை எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட வைரஸை அறியும் டி செல்கள் மிகச் சிறிய பங்குதான். நாற்றங்காலில் விதையைத் தூவி, முளைத்ததை மட்டும் பறித்து வயலுக்குக் கொண்டுபோவதைப் போல, ரத்தத்தின் வெள்ளை அணுக்களோடு வைரஸ் புரதத்தின் துணுக்குகளைச் சேர்த்து, வளர்ச்சி தரும் சைட்டோகைன்களையும் ஊற்றி வைப்பார்கள். அந்தத் துணுக்கை அறிந்த செல்கள் மட்டும் கிளர்ந்து பெருகும், மற்றவை பட்டுப்போகும். ஜி.வி.ஹெச்.டி.யை உண்டாக்கும் செல்களும் இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலும் கழிகின்றன. முன்பெல்லாம் இதற்கு இரண்டு மூன்று மாதம் ஆனது. நுரையீரலில் வைரஸ் ஏறியவருக்கு அது ரொம்பவே தாமதம். இப்போது பத்துப் பன்னிரண்டு நாளில் முடிகிறது. ஒரே குப்பியில் பல வைரஸ்களுக்குச் சேர்த்தும் வளர்க்கிறார்கள்.

இன்னும் வேகமான வழியும் உண்டு. வைரஸ் துணுக்கைக் கண்டதும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கும் செல்களை, நுண்ணிய காந்த மணிகள் ஒட்டிப் பிடித்துப் பிரித்தெடுப்பது. ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் அதற்கு டோனரிடமிருந்து நிறைய வெள்ளை அணுக்களை எந்திரம் மூலம் எடுக்க வேண்டும். கடைசியில் நோயாளிக்குப் போவது பெரும்பாலும் ஒரு ஊசிக்குழாய் அளவுதான். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 2 கோடி செல்கள் என்பது அடிக்கடி பயன்படுத்தப்பட்ட அளவு. சில நிமிடத்தில் ஏற்றிவிடலாம்.

இங்கே ஹெச்.எல்.ஏ. வருகிறது. டோனர் பொருத்தம் பார்க்கும்போது எல்லாக் குடும்பமும் கேள்விப்பட்ட பெயர் இது, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் அடையாள மூலக்கூறு. டி செல் வைரஸை முழுதாகப் பார்ப்பதில்லை. பாதிக்கப்பட்ட செல் வைரஸின் ஒரு துணுக்கைத் தன் ஹெச்.எல்.ஏ. மூலக்கூறின் மேல் ஏந்திக் காட்டும். டி செல் அந்தத் துணுக்கையும் மூலக்கூறையும் சேர்த்துத்தான் அடையாளம் காணும். ஆகவே செல் கொடுப்பவருக்கும் நோயாளிக்கும் ஏதோ ஒரு ஹெச்.எல்.ஏ. பொதுவாக இருந்தால் மட்டும் போதாது. எந்த ஹெச்.எல்.ஏ. வழியாக அந்தச் செல்கள் வைரஸை அறிகின்றனவோ, அது பொதுவாக இருக்க வேண்டும்.

நோயாளியோ அவருடைய டோனரோ அல்லாத மூன்றாம் நபரின் செல்களை முன்கூட்டியே வளர்த்து உறையவைத்து, யாருக்குத் தேவையோ அவருக்கு எடுத்துக் கொடுப்பது சாத்தியமானது இந்த விதியைப் புரிந்துகொண்டதால்தான். எடின்பரோவில் ஹாக், கிராஃபோர்ட் ஆகியோரின் குழு 33 பேருக்கு இப்படிக் கொடுத்து, ஆறு மாதத்தில் பாதிக்குச் சற்று மேலானவர்களிடம் பலன் கண்டதாக 2007-இல் எழுதியது. ஹூஸ்டன் பேலர் கல்லூரியின் லீன், ஹெஸ்லாப் குழு அமெரிக்காவின் பல மையங்களோடு சேர்ந்து செய்த ஆய்வு 2013-இல் வந்தது. அவர்களுடைய வங்கியில் இருந்தவை வெறும் 32 வரிசைகள், அதாவது ஒருவரின் ரத்தத்திலிருந்து வளர்த்த செல் தொகுப்புகள். அதில் 18 வரிசைகளைக் கொண்டே, மருந்துக்கு அடங்காத தொற்றோடு இருந்த 50 பேருக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். ஆறு வாரத்துக்குள் 74 சதவீதம் பேருக்கு முழுமையாகவோ பகுதியாகவோ பலன் கிடைத்தது. புதிதாக ஜி.வி.ஹெச்.டி. வந்தது 2 பேருக்கு மட்டும். மூன்றாம் நபரின் செல்களை உடல் சில வாரங்களில் வெளியேற்றிவிடும் என்பது உண்மை. சொந்த டி செல்கள் எழும்வரை தாக்குப்பிடிக்க அது பலருக்குப் போதும், போதாவிட்டால் மறுபடி ஏற்றலாம்.

2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் எப்ஸ்டீன்-பார் வைரஸ் கட்டிக்கான டாபெலெக்லூசெல்லுக்கு ஒப்புதல் தந்தது. மூன்றாம் நபரின் டி செல்லிலிருந்து முன்கூட்டியே செய்து வைத்த மருந்து ஒன்று உலகில் ஒப்புதல் பெற்றது அதுவே முதல் முறை. வேறு வழியில்லாத 43 பேரிடம் நடந்த அதன் ஆய்வில் 22 பேருக்குப் பலன் இருந்தது.

ஆனால் முழு உண்மையைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் ஒப்பிட ஒரு கட்டுப்பாட்டுக் குழு இல்லை. பல வைரஸ்களுக்கு ஒரே மருந்தாக உருவான போசோலூசெல், 2017-இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில் 38 பேரில் 92 சதவீதம் பேருக்குப் பலன் காட்டியது. மருந்தில்லாத குழுவோடு ஒப்பிடும் மூன்றாம் கட்ட ஆய்வுகள், இலக்கை எட்டும் வாய்ப்பில்லை என்று 2023 டிசம்பரில் நிறுத்தப்பட்டன. பாதுகாப்பில் சிக்கல் ஏதும் காரணமாகச் சொல்லப்படவில்லை. என் கணிப்பு இதுதான்: உதாரணத்துக்கு, பி.கே. வைரஸ் தொல்லை நோயெதிர்ப்பு மீண்டு வர வரத் தானாகவும் தணியக்கூடியது. ஆகவே செல் பெறாத குழுவிலும் பலர் தேறிவிடுவார்கள், வித்தியாசம் மங்கிப்போகும். எல்லாருக்கும் முன்தடுப்பாகக் கொடுப்பதைவிட, மருந்து கைவிட்ட நோயாளிக்குக் கொடுப்பதில்தான் இந்தச் சிகிச்சையின் நியாயம் வலுவாக இருக்கிறது.

சரி, இது நம் பக்கத்துக்கு எவ்வளவு தூரம்? கடலூரிலிருந்து புதுச்சேரி கோரிமேடு ஜிப்மருக்குப் பஸ்ஸிலேயே போய்விடலாம், அங்கேயே மஜ்ஜை மாற்று செய்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை வழியாக வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறவர்களும் உண்டு. சி.எம்.சி. இந்தச் சிகிச்சையை 1986-இலேயே தொடங்கிவிட்டது, மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1983-இல். ஆக, மாற்றுச் சிகிச்சையில் நாம் புதியவர்கள் இல்லை. வைரஸ் டி செல் சிகிச்சைக்கு வந்தால், நம் சூழலில் சில விஷயங்கள் சாதகமாகவே இருக்கின்றன என்று நினைக்கிறேன். வெளிநாடுகளில் பெரிய தலைவலி, டோனருக்கு சி.எம்.வி. வந்திராவிட்டால் அவர் ரத்தத்தில் அதை அறியும் டி செல்லே இருக்காது என்பதுதான். இங்கே அப்படிப்பட்ட பெரியவரைத் தேடினால்தான் கிடைப்பார். அடுத்தது, முழுப் பொருத்தமான டோனர் கிடைக்காமல் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களிடமிருந்து பாதிப் பொருத்த மாற்று செய்வது இங்கே பெருகிவருகிறது. அந்த வகை மாற்றில் வைரஸ் தொல்லை கூடுதல். ஆனால் டோனர் எங்கோ ஒரு பதிவேட்டில் இல்லை, வார்டுக்கு வெளியே பெஞ்சில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருக்கிறார். இன்னொருமுறை ரத்தம் கொடுங்கள் என்றால் அடுத்த நிமிடம் எழுந்து வருவார்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது: அந்த ரத்தத்தை வாங்கிச் செல்லாக வளர்த்துத் தரும், மருந்துத் தரத்திலான தூய்மை அறைகளும் அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்களும். இதுவும் எட்டாத ஒன்றில்லை. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய, ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் ஒப்புதல் கிடைத்தது. மரபணுவை மாற்றி டி செல் தயாரிக்க முடிந்த நாட்டில், மரபணுவைத் தொடாமல் டி செல்லை வளர்ப்பது அதைவிடக் கடினமான வேலை ஆகாது.

மூன்றாம் நபர் வங்கியில் இன்னொரு பிரச்சினை இருக்கிறது, அதை நாம்தான் தீர்க்க வேண்டும். ஐரோப்பியர்களிடம் மிகுதியாக உள்ள ஏ 02:01 என்ற ஹெச்.எல்.ஏ. வழியாக வேலை செய்யும் செல்கள் அங்குள்ள வங்கிகளில் நிறைய. இந்தியர்களிடம் ஏ 02 குடும்பத்திலேயே 02:11 போன்ற வேறு வகைகள் அதிகம், அதோடு ஏ 24:02, ஏ 11:01 போன்றவையும் பரவலாக உண்டு. வெளியிலிருந்து வாங்கும் செல் நம் நோயாளிக்குப் பொருந்தாமல் போக வாய்ப்பு கூடுதல். நம் மக்களின் ரத்தத்திலிருந்தே ஒரு வங்கி வேண்டும். 32 வரிசைகளை வைத்து ஒரு பெரிய நாட்டின் பல மருத்துவமனைகளுக்குக் கொடுத்தார்கள் என்பதை மறுபடி நினைவில் கொள்ளலாம். சென்னையில் இயங்கும் தாத்ரி போன்ற பதிவேடுகளில் ஹெச்.எல்.ஏ. வகை பார்த்த டோனர்கள் ஏற்கெனவே ஏராளம். அவர்களில் பொருத்தமான சில பத்துப் பேரிடம் ஒப்புதல் கேட்டு, வெறும் ரத்தம் வாங்கினாலே தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒரு நல்ல தொடக்கம் அமைந்துவிடும். ஒரு அரசு நிறுவனமே இதை நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐரோப்பிய விலையில் இந்தச் செல் வந்தால் பண்ருட்டி முந்திரித் தோப்பில் கூலிக்குப் போகிறவரின் பிள்ளைக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நடைமுறைத் தடை ஒன்று உண்டு, அது ஸ்டீராய்டு. ஜி.வி.ஹெச்.டி.க்கு அதைத்தான் முதலில் கொடுப்பார்கள். அது டோனரின் டி செல்லையும் அழிக்கும், ஏற்றிய வைரஸ் டி செல்லையும் அழிக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் பிரெட்னிசோலோன் எடுப்பவர்களைப் பெரும்பாலான ஆய்வுகள் சேர்த்துக்கொள்வதில்லை. 50 கிலோ எடையுள்ளவருக்கு அது நாளுக்கு 25 மில்லிகிராம். வைரஸும் ஜி.வி.ஹெச்.டி.யும் ஒரே நேரத்தில் இருக்கும் நோயாளிதான் மிகவும் நெருக்கடியில் இருப்பவர், அவருக்கே இந்த வழி அடைபடுகிறது. ஸ்டீராய்டைத் தாங்கும்படி செல்லை மாற்றும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. டி செல்களை அழிப்பதற்காக மாற்றுக்கு முன் கொடுக்கும் ஏ.டி.ஜி. மருந்து உடலில் மிச்சமிருந்தாலும் இதே கதிதான்.

இன்னொரு எச்சரிக்கை. ‘நோயெதிர்ப்பு செல் சிகிச்சை’, ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என்று மூட்டு வலி முதல் ஆட்டிசம் வரை எல்லாவற்றுக்கும் லட்சக்கணக்கில் வாங்கும் கிளினிக்குகள் விளம்பரம் செய்கின்றன. இந்தக் கட்டுரையில் உள்ள சிகிச்சைக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட பயன்பாடுகளைத் தவிர ஸ்டெம் செல்லைப் பதிவுசெய்த மருத்துவ ஆய்வில் மட்டும்தான் பயன்படுத்தலாம். ஆய்வில் சேர்பவரிடம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது.

மாற்றுக்குத் தயாராகும் குடும்பம் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்கக் கூடியவை இவை: நோயாளிக்கும் டோனருக்கும் சி.எம்.வி. ஆன்டிபாடி பார்த்தாயிற்றா? பி.சி.ஆர். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த அளவைத் தாண்டினால் மருந்து தொடங்குவீர்கள்? இரண்டு வாரம் மருந்து கொடுத்தும் அளவு இறங்காவிட்டால் அடுத்து என்ன? டோனரின் செல்லைப் பயன்படுத்தும் ஆய்வு எங்காவது நடக்கிறதா? நடக்கிறதென்றால் டோனர் எப்போது ரத்தம் கொடுக்க வேண்டும்? கடைசிக் கேள்வியை வைரஸ் ஏறிய பிறகு கேட்டால், செல் வளர்வதற்கான பத்துப் பன்னிரண்டு நாள் பெரும்பாலும் கையில் இருக்காது. மாற்றுக்கு முந்தின வாரத்தில், டோனர் எப்படியும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.